நடக்காமல் போனவை

மருத்துவர் ஒருவர் காலமானால் அவர் கையால் பிழைத்தவர்கள் மாலையோடு வருகிறார்கள். ஆசிரியர் காலமானால் அவரிடம் படித்து ஆளானவர்கள் வந்து நிற்கிறார்கள். மருந்துக் கடைக்காரர் காலமானால்? தெருவே வரும். "நல்ல மனுஷர், நேரம் காலம் பார்க்காமக் கடையைத் திறந்து மருந்து கொடுப்பார்" என்று சொல்லும். அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியாமல் சற்று நேரம் நின்றுவிட்டுப் போகும். செகந்திராபாத்தில் என் தாத்தாவின் காரியத்துக்கு வந்தவர்களும் அப்படித்தான் நின்றார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரே தெருவுக்கு மருந்து கொடுத்தவரைப் பற்றி அவர்களிடம் நன்றி இருந்தது. கதை இருக்கவில்லை. ஏன் இல்லை என்பது புரிய எனக்குப் பல வருடங்கள் ஆயிற்று.

செகந்திராபாத்தை ஒட்டிய ஹைதராபாத், மருந்து கொடுப்பவரை முழுமனதாக நம்புகிற ஊர். ஹக்கீம் முகமது மொயீசுத்தீன் ஃபரூக்கி என்ற யுனானி மருத்துவர் 1920இல் இங்கே ஒரு தைலத்தை உருவாக்கினார். யூகலிப்டஸ் எண்ணெய்தான் அதில் பிரதானம். கற்பூரம், புதினா உப்பு, ஓம உப்பு எல்லாம் சேர்மானம். 'ஜிந்தா திலிஸ்மாத்' என்று பெயர் வைத்தார். நிஜாமின் படையில் இருந்த ஆப்பிரிக்க வீரர்களை நினைவுபடுத்தும் ஒரு வீரனின் படம் அட்டையில் இருக்கும். ஜலதோஷம், தலைவலி, வயிற்று வலி, பல்வலி எதுவானாலும் இந்த ஊரில் முதலில் தேடுவது அந்தச் சின்னப் புட்டியைத்தான். நூறு வருடம் கடந்தும் அதே குடும்பத்தார் அதே ஊரில் அதைத் தயாரிக்கிறார்கள். தாத்தா எழுதிய மருந்தைப் பேரப்பிள்ளைகள் மாற்றாமல் காய்ச்சுவது சாதாரண விசுவாசம் இல்லை.

இன்னொரு குடும்பமும் இங்கே உண்டு. ஜூன் மாதம் மிருகசீரிட கார்த்தி என்ற பருவம் தொடங்கும் நாளில், நாம்பள்ளி கண்காட்சித் திடலில், பத்தினி கவுடு குடும்பத்தார் ஆஸ்துமாவுக்கு மீன் மருந்து கொடுப்பார்கள். உயிருள்ள விரால் குஞ்சின் வாயில் மூலிகை உருண்டையை வைத்து, மீனோடு சேர்த்து விழுங்க வேண்டும். 1845 முதல் ஒரு காசு வாங்காமல் கொடுத்து வருவதாகக் குடும்பம் சொல்கிறது. அதன் பலன் அறிவியல் முறையில் நிறுவப்படவில்லை. ஆனாலும் வட மாநிலங்களிலிருந்து ரயிலேறி வந்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இரவெல்லாம் வரிசையில் காத்திருக்கிறார்கள்.

அந்த வரிசையைப் பார்த்தபோது எனக்கு மரியாதையும் வந்தது, பயமும் வந்தது. மூச்சு விட முடியாதவன் மருந்து தரும் கைக்கு முன்னால் அப்படியே வாயைத் திறந்துவிடுகிறான். அந்தக் கை எதை வைத்தாலும் விழுங்குவான். உலகத்தில் வேறு எந்த வியாபாரிக்கும் இப்படி ஒரு வாடிக்கையாளர் கிடையாது. துணி வாங்குபவன் இழுத்துப் பார்க்கிறான், காய் வாங்குபவள் ஒடித்துப் பார்க்கிறாள். மருந்து வாங்குபவன் சோதித்துப் பார்க்க வழியே இல்லை. அவ்வளவு நம்பிக்கை ஒருவன் மேசைக்கு வந்து சேரும்போது அதை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்கிறான்? என் தாத்தாவின் வாழ்க்கை எனக்கு இந்தக் கேள்வியாகத்தான் மிஞ்சியிருக்கிறது.

ராணுவ முகாமோடும் ரயில்வேயோடும் செகந்திராபாத்துக்கு வந்து, பத்மாராவ் நகரிலும் மாரேட்பள்ளியிலும் ஊன்றிக்கொண்ட தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. ஸ்கந்தகிரி முருகனைக் கும்பிட்டுவிட்டுத்தான் தாத்தா கடைக்குப் போவார். மீசை முளைக்கும் முன்பே ஒரு டாக்டரின் டிஸ்பென்சரியில் எடுபிடியாகச் சேர்ந்து கம்பவுண்டர் ஆனவர். அந்தக் காலத்துக் கம்பவுண்டர் மருந்தை விற்பவர் இல்லை, கூட்டுபவர். பீங்கான் கல்வத்தில் அரைத்து, சின்னத் தராசில் நிறுத்து, பொடியைக் காகிதத்தில் மடித்து, மிக்ஸ்சரைப் புட்டியில் ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று தெரிய ஓரம் வெட்டிய காகிதப் பட்டையைப் புட்டியில் ஒட்டிக் கொடுப்பார்கள். ஒரு கிரெயின் எடை கூடினால் என்ன ஆகும் என்பது அந்தத் தலைமுறையின் விரல்களுக்குத் தெரியும். மாத்திரை அட்டையில் அடைபட்டு வரும் காலத்திலும் தாத்தா அந்தப் பயத்தை விடவில்லை.

அந்தப் பயம் நாட்டுக்கே வர வெகுகாலம் ஆனது. போலி மருந்தும் கலப்பட மருந்தும் சந்தையில் நிரம்பி வழிந்ததால் 1930இல் கர்னல் ராம்நாத் சோப்ரா தலைமையில் ஒரு விசாரணைக் குழுவை அரசு அமைத்தது. அடுத்த ஆண்டே அறிக்கை வந்தது. சட்டம் வர 1940 ஆயிற்று. மருந்தைக் கையாள்பவர் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்ற பார்மசி சட்டம் 1948இல்தான் வந்தது. இதற்கிடையே 1932இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மகாதேவ் லால் ஷ்ராஃப் பார்மசியைப் பல்கலைக்கழகப் படிப்பாக்கினார். கல்லூரி வாசலை மிதிக்காத, ஆனால் ஐந்து வருடமாவது மருந்து கூட்டிய அனுபவம் உள்ளவர்களையும் முதல் பதிவேட்டில் சேர்க்க பார்மசி சட்டம் இடம் கொடுத்தது. தாத்தா அந்த வழியில் பதிவானவர். கண்ணாடி போட்டுக் கடைச் சுவரில் மாட்டியிருந்த அந்தச் சான்றிதழை வெள்ளிக்கிழமைதோறும் துடைப்பார். பிள்ளையார் படத்துக்குப் பூ வைக்கும் அதே கையோடு.

எனக்கு நினைவிருக்கும் கடையில் மூன்று மொழி கேட்கும். ஒரே மாத்திரையைத் தெலுங்கில் ஒருவருக்கும், தக்கனி உருதுவில் அடுத்தவருக்கும், தமிழில் மூன்றாமவருக்கும் விளக்குவார். படிக்கத் தெரியாதவருக்குக் கவரின்மேல் சூரியனையும் நிலாவையும் வரைந்து கொடுப்பார். விளக்கி முடித்ததும் விடமாட்டார், "இப்போ நீ எனக்குச் சொல்லு" என்பார். வந்தவர் திருப்பிச் சொன்ன பிறகுதான் கவர் கைமாறும். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அட்டையிலிருந்து மாத்திரை வெட்டிக் கொடுக்கும்போது தேதியும் பேட்ச் எண்ணும் அச்சான பக்கத்தைக் கடைசிவரை வெட்டமாட்டார். மிச்சம் இருப்பது எந்த மருந்து, எதுவரை நல்லது என்பது கடைசி மாத்திரை விற்கும்வரை தெரிய வேண்டும் என்பார். இன்றும் எந்தக் கடையில் மருந்து வாங்கினாலும் என் கண் கத்தரி எந்தப் பக்கம் போகிறது என்றுதான் பார்க்கிறது.

ரமலான் நெருங்கும்போது அவருக்கு வேலை கூடும். முஷீராபாத் பக்கத்திலிருந்து வரும் சர்க்கரை நோயாளிகள் பகலெல்லாம் தண்ணீர்கூடக் குடிக்காமல் நோன்பிருப்பார்கள். காலை மாத்திரையை வழக்கம்போல், விடியும் முன் சாப்பிடும் சஹருக்குப் போட்டால், மாலை நெருங்கும்போது சர்க்கரை இறங்கி ஆள் விழுந்துவிடலாம். நோன்பு தொடங்கும் முன்பே ஒவ்வொருவரையும் பிடித்து, "டாக்டரைப் பாத்தீங்களா, வேளையை மாத்திக் கொடுத்தாரா?" என்று கேட்பார். பார்க்காதவருக்கு அந்த மாத மருந்தைக் கொடுக்காமல் முதலில் டாக்டரிடம் அனுப்புவார். நோன்பு நோற்கக் கூடாது என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. நோன்பை நோன்பாக மதித்தார், நோயை நோயாகவும் மதித்தார். இந்த இரண்டையும் ஒரே மனிதர் ஒரே மேசையில் செய்வதைப் பார்த்து வளர்ந்தது என் பாக்கியம்.

அவர் கண்முன்னால்தான் இந்த ஊர் மருந்து நகரமானது. 1961இல் பிறந்த ஐ.டி.பி.எல். என்ற அரசு நிறுவனம் சோவியத் உதவியோடு பாலாநகரில் ஆலை கட்டியது. அங்கே வேலை பார்த்த வேதியியலாளர்கள் பலர் வெளியே வந்து தாங்களே ஆலை தொடங்கினார்கள். 1984இல் டாக்டர் ரெட்டீஸைத் தொடங்கிய அஞ்சி ரெட்டியும் ஐ.டி.பி.எல்.லில் இருந்தவர்தான். மருந்துக்கு அல்லாமல் அதைச் செய்யும் முறைக்கு மட்டும் காப்புரிமை என்ற 1970ஆம் வருடச் சட்டம் அவர்களுக்கு வழி திறந்தது. எட்டாத விலையில் இருந்த மருந்துகள் ரிக்‌ஷாக்காரர் வாங்கும் விலைக்கு இறங்கின. "நம்ம ஊர்ல செஞ்சது" என்று அட்டையைத் திருப்பி முகவரி காட்டுவதில் தாத்தாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தின் மறுபக்கமும் இந்த ஊரிலேயே வெளிப்பட்டது. பட்டன்செருவில் சுமார் தொண்ணூறு மருந்து ஆலைகளின் கழிவுநீரைச் சுத்திகரித்த நிலையம் ஒன்று இருந்தது. சுத்திகரித்து வெளியேற்றிய நீரை ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் சோதித்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் அதில் இருந்தது. அந்த மருந்தைச் சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம். கிருமிகள் மருந்துக்குப் பழகி அதற்கு அடங்காமல் வளர அதைவிட வேறு இடம் வேண்டுமா? ஆலைக்குள் என்ன நடக்கிறதென்று தாத்தாவால் பார்க்க முடியாது. ஆனால் அதே சிப்ரோ அவர் மேசை வழியாகவும் போய்க்கொண்டிருந்தது.

"ரெண்டு சிப்ரோ குடுங்க" என்று தினமும் யாராவது வருவார்கள். சளிக்கு, உடம்பு வலிக்கு, லேசான வயிற்றோட்டத்துக்கு. டாக்டர் சீட்டு இருக்காது. "நக்கோ பாய்" என்று மறுப்பார் தாத்தா. சீட்டு இருந்தால் டாக்டர் எழுதிய நாள் முழுவதற்கும் வாங்க வேண்டும். காசு போதாவிட்டால் மீதியைக் கடனாகக் கொடுப்பாரே தவிர, பாதியாகக் கொடுக்கமாட்டார். சில ஆன்டிபயாட்டிக்குகளையும் காசநோய் மருந்துகளையும் விற்கும்போது நோயாளி பெயர், டாக்டர் பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற எச்1 அட்டவணை 2014 மார்ச்சில் அமலுக்கு வந்தது. பல கடைகள் முனகின. எண்பதைத் தாண்டியிருந்த தாத்தா ஒரு நீள நோட்டு வாங்கிவரச் சொல்லித் தன் கையாலேயே கோடு போட்டார்.

கடையை ஏற்று நடத்திய சித்தப்பாவுக்கு இதில் வருத்தம் இருந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, வாடகையும் சம்பளமும் அவர் தலையில்தான் இருந்தன. "அப்பா, நாம குடுக்கலேன்னா பக்கத்துக் கடையில வாங்கிக்கப் போறாங்க. அவங்க உடம்புக்கும் லாபம் இல்ல, நமக்கும் இல்ல" என்பார். தாத்தா வாதாடமாட்டார். "வாங்கட்டும்டா. என் கையால வேண்டாம்." அவ்வளவுதான்.

சிறுவயதில் இதைப் பிடிவாதம் என்று நினைத்தேன். சித்தப்பாவின் கணக்குத்தான் சரியாகப் பட்டது. ஒருவர் மறுத்தால் உலகம் மாறிவிடுமா? இதற்குப் பதில் எனக்குக் கடையில் கிடைக்கவில்லை. வீட்டில் கிடைத்தது.

பேரப்பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் தாத்தா வேறு மனிதராகிவிடுவார். கடையைச் சீக்கிரம் விட்டு வந்து எங்கள் தலைமாட்டில் உட்கார்ந்துகொள்வார். எடை பார்த்துப் பாராசிட்டமால் எத்தனை மில்லி என்று கணக்குப் போட்டு, தினக் காலண்டரில் கிழித்த தாளின் பின்புறம் நேரத்தையும் காய்ச்சலின் அளவையும் எழுதிக்கொண்டே இருப்பார். அம்மா தவிப்பாள். "ஒரு ஊசி போட்டாச் சரியாயிடுமே மாமா, உங்க கடையிலேயே அவ்வளவு மருந்து இருக்கே." தாத்தா நெற்றித் துணியை மாற்றியபடி, "காய்ச்சல் உடம்பு பார்க்கிற வேலைம்மா. கொஞ்சம் பார்க்க விடு" என்பார். விடியும்வரை தூங்கமாட்டார். சும்மாவும் இருக்கமாட்டார். மூச்சை இழுக்கும்போது விலா உள்ளே ஒடுங்குகிறதா, சிறுநீர் போனதா, கூப்பிட்டால் கண் திறந்து பார்க்கிறதா என்று கவனித்தபடி இருப்பார். என் தங்கைக்கு ஒரு மழைக்காலத்தில் அந்த அறிகுறிகளில் ஒன்று தெரிந்தபோது, நள்ளிரவில் அவளைத் தூக்கிக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

எல்லாவற்றுக்கும் மறுப்பவர் இல்லை அவர். கொடுக்க வேண்டியதை ஓடிப்போய்க் கொடுப்பார். கொடுக்க வேண்டாததை உயிரே போனாலும் கொடுக்கமாட்டார். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் நீண்ட நேரத்தை விழித்திருந்து கடப்பார். அலமாரி நிறைய மருந்து வைத்திருக்கும் ஒருவர், தன் உயிருக்கு உயிரான குழந்தை அனத்தும்போது, கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது எவ்வளவு கடினம் என்று நானும் தகப்பனான பிறகுதான் தெரிந்தது. தன் பேரனுக்குக் கொடுக்காத மருந்தை ஊரான் பிள்ளைக்கும் கொடுக்கவில்லை. ஊராருக்கு ஒரு நியாயம், வீட்டுக்கு ஒரு நியாயம் என்று அவரிடம் இல்லை.

ஃபிரான்சிஸ் கெல்சி என்ற பெண்மணியைப் பற்றிப் படித்தபோதுதான் தாத்தாவின் காரியத்தன்று கதை இல்லாமல் போனதற்குக் காரணம் விளங்கிற்று. மருந்தியல் ஆய்வாளரும் மருத்துவருமான அவர் 1960இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தில் சேர்ந்தார். சேர்ந்த புதிதிலேயே தாலிடோமைடு என்ற தூக்க மருந்துக்கு அனுமதி கேட்ட விண்ணப்பம் அவர் மேசைக்கு வந்தது. மேற்கு ஜெர்மனியில் 1957 முதல் அது சீட்டுக்கூட இல்லாமல் விற்றுக்கொண்டிருந்தது. கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் அதைக் கொடுத்தார்கள். கெல்சி, பாதுகாப்புக்கான ஆதாரம் போதாது என்றார். நிறுவனம் திரும்பத் திரும்ப நெருக்கியது. அவர் திரும்பத் திரும்ப மறுத்தார். 1961 முடிவதற்குள் உண்மை வெளிவந்துவிட்டது. உலகெங்கும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் கை கால் வளர்ச்சி குன்றிப் பிறந்தார்கள். அமெரிக்காவில் அந்த மருந்து அப்போது சந்தைக்கே வரவில்லை. 1962இல் ஜனாதிபதி கென்னடி கெல்சிக்கு விருது அளித்தார். கெல்சி 101 வயதுவரை வாழ்ந்து 2015இல் மறைந்தார்.

கெல்சி கொடுத்துவைத்தவர். அவர் மறுத்ததால் என்ன தப்பியது என்பதை உலகம் பார்க்க முடிந்தது. அவர் 'சரி' என்று கையெழுத்துப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு ஜெர்மனி சாட்சியாக நின்றது. தெரு மருந்துக் கடைக்காரருக்கு அப்படி ஒரு சாட்சி வாய்ப்பதில்லை. அவர் கொடுக்காத மாத்திரையால் எந்தச் சிறுநீரகம் தப்பியது, எந்தக் கிருமி அடங்கியது, எந்தக் கிழவர் நோன்பு நாளில் மயங்கி விழாமல் மசூதிக்கு நடந்தார் என்று யாருக்குத் தெரியும்? அந்தக் கிழவருக்கே தெரியாது. அவர் வழக்கம்போல் எழுந்தார், தொழுதார், பேரனோடு பேரீச்சம்பழம் சாப்பிட்டார். நடக்காமல் போனதற்கு யாரும் நன்றி சொல்ல முடியாது. ஒரு தெருவின் சாதாரண நாள்களுக்குள் தாத்தாவின் வாழ்க்கை கரைந்துபோயிருக்கிறது. அந்தத் தெருவில் எதுவும் நடக்கவில்லை என்பதுதான் அவர் செய்தது.

நடந்துவிடும் தெருக்களும் உண்டு. 2025 செப்டம்பரிலும் அக்டோபரிலும் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடாவிலும் சுற்றுப்புறத்திலும் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். இருமலுக்குக் கொடுத்த சிரப் அவர்கள் சிறுநீரகத்தை அழித்துவிட்டது. அந்த சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. சோதித்தபோது 48 சதவீதத்துக்கு மேல் டைஎத்திலீன் கிளைகால் என்ற விஷம் இருந்தது. 1937இல் அமெரிக்காவில் ஒரு மருந்தில் கலந்து நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றதும் இதே விஷம். கிட்டத்தட்ட தொண்ணூறு வருடம் ஆகியும் அது குழந்தைகளின் கரண்டிக்கு வந்துகொண்டிருப்பதை நினைத்தால் ஆத்திரம் வருகிறது. புட்டியைப் பார்த்து விஷத்தைக் கண்டுபிடிக்க எந்தக் கடைக்காரராலும் முடியாது, தாத்தாவாலும் முடிந்திருக்காது. ஆனால் கைக்குழந்தைக்கு இருமல் சிரப் கேட்டு வருபவரை அவர் வெறுங்கையோடு டாக்டரிடம் அனுப்பியது எனக்குத் தெரியும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகள் கொடுக்கக் கூடாது, ஐந்து வயதுவரை பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய அரசின் சுகாதார இயக்குநரகம் அந்தச் சாவுகளுக்குப் பிறகு சொன்னது. கல்லூரி வாசல் மிதிக்காத கம்பவுண்டர் ஒருவர் அதையே பல வருடம் முன்னால் ஒரு தெருவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது மருந்து கைபேசியில் வருகிறது. தள்ளுபடி உண்டு, வீட்டு வாசலில் கொண்டுவந்து தருகிறார்கள், நகர முடியாத முதியவர்களுக்கு அது பெரிய உதவி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் போன மாதம் வாங்கிய ரத்த அழுத்த மாத்திரையை இந்த மாதம் ஏன் வாங்கவில்லை என்று தெருவில் நிறுத்திக் கேட்கும் ஒருவர் அந்த ஏற்பாட்டில் இல்லை. எங்கள் கடையும் இன்று வேறு ஒருவர் கையில் இருக்கிறது.

உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இன்னும் இருந்தால் அவரிடமே மருந்து வாங்குங்கள். சீட்டு எங்கே என்று கேட்டால் கோபப்படாதீர்கள். "இது வேண்டாம், டாக்டரைப் பாருங்க" என்று அவர் சொன்னால், அடுத்த கடைக்குப் போகாமல் டாக்டரிடம் போங்கள்.